மடக்கு பெஞ்சும் அப்பாவின் இடது காலும்

அப்பா அரம் பிடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. முட்டித் தேய்மானம். டாக்டர் சொன்னது சுருக்கமாக இரண்டே விஷயம்: தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது, குந்தவும் கூடாது. அப்பாவுக்கு அது "இனிமே வேலை செய்யாதே" என்று சொன்ன மாதிரிதான். ஏனென்றால் நாற்பது வருஷமாக அவர் பூட்டு செய்தது தரையோடு தரையாக. ஒரு மரக்கட்டையில் பதித்த சின்ன வைஸ், பக்கத்தில் பட்டடை, எட்டுகிற தூரத்தில் அரங்கள், சாக்கை மடித்துப் போட்டு ஒரு இருக்கை. அவ்வளவுதான் பட்டறை.

திண்டுக்கல்லில் பூட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: இங்கே மாங்காய்ப் பூட்டு, கதவுப் பூட்டு, பெட்டிப் பூட்டு என்று கையால் செய்வது தலைமுறைத் தொழில். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு வந்த நேரத்தில் செய்கிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்பது தனிக் கதை. அலிகாரிலிருந்து வரும் மெஷின் பூட்டு விலைக்குக் கைவேலை ஈடுகொடுக்க முடியாது. அப்பாவைத் தேடி இன்றும் வருகிறவர்கள் புதுப் பூட்டு கேட்டு வருவதில்லை. தாத்தா காலத்துப் பெட்டிக்குச் சாவி தொலைந்துவிட்டது, லிவர் மாட்டிக்கொண்டது என்றுதான் வருகிறார்கள். அந்த ஒன்றரை வருஷம் அவர்களையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

நின்றுகொண்டு வேலை செய்ய ஒரு பெஞ்ச் போட்டால் என்ன என்று கேட்டேன். "போடலாம்டா, எங்க போடுவ?" என்றார். நியாயமான கேள்வி. வீட்டில் இருப்பது ஒரே போர்ட்டிகோ, அதுவும் ராத்திரி இரண்டு வண்டிக்கு. அதனால்தான் மடக்கு பெஞ்ச் வாங்கினேன். எடை 7 கிலோ, உயரம் 78 செ.மீ. மேலே இரண்டு நீளப் பலகை, அவற்றை நெருக்கவும் விலக்கவும் முன்னால் இரண்டு திருகுகள். மடித்துச் சுவரில் சாய்த்தால் கதவுக்குப் பின்னால் போய்விடும்.

முதல் நாள் அப்பா அதில் ஒரு சாவித் துண்டைக் கவ்வ வைத்து அரத்தை நாலு தடவை ஓட்டினார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, இது என்ன ஊஞ்சலா?"

ஆட்டம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். லிவர் பூட்டுக்குள்ளே தகடுகள் அடுக்காக இருக்கும். சாவியைத் திருப்பும்போது அதன் ஒவ்வொரு பல்லும் தன் தகட்டைக் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எல்லாத் தகட்டின் வாயும் ஒரே கோட்டுக்கு வந்தால்தான் தாழ் நகரும். ஆறு தகடு சரியாக இருந்து ஏழாவதில் தலைமுடி அளவு பிசகினாலும் பூட்டு திறக்காது. அந்தப் பல்லை அரத்தால்தான் இறக்குகிறோம். அரம் மட்டமாகப் போய் மட்டமாக வந்தால் வெட்டு தட்டையாக வரும். அடியில் பெஞ்ச் அசைந்தால் அரம் தராசுத் தட்டு மாதிரி ஏறி இறங்கும், வெட்டின் நடு மேடாகி இரண்டு ஓரமும் உருண்டுவிடும். உருண்ட பல்லை நேராக்க இன்னும் ராவ வேண்டும், ராவினால் உயரம் குறைந்துவிடும். சாவி குப்பைக்குத்தான்.

இந்த பெஞ்சைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அதன் மூலம் எங்கே என்று தேடிப் படித்ததில்தான் மனசு மாறியது.

இந்த வகை பெஞ்சைக் கண்டுபிடித்தவர் ரான் ஹிக்மேன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர், தொழிலில் கார் வடிவமைப்பாளர். லோட்டஸ் எலான் என்ற புகழ்பெற்ற கார் அவர் கைவண்ணம். 1960-களின் தொடக்கத்தில் வீட்டில் அலமாரி செய்யும்போது ஒரு நல்ல நாற்காலியை மேஜையாக வைத்துப் பலகை அறுத்திருக்கிறார். பலகையோடு நாற்காலியும் அறுபட்டுவிட்டது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இது. பல கம்பெனிகள் வேண்டாம் என்றன. விற்றால் டஜன் கணக்கில் விற்கும், நூற்றுக்கணக்கில் விற்காது என்று ஒரு பெரிய கம்பெனி சொன்னதாம். அவரே செய்து விற்க ஆரம்பித்தார். முதலில் மறுத்த பிளாக் அண்ட் டெக்கர், 1973-இல் 'ஒர்க்மேட்' என்ற பெயரில் தயாரிப்பில் இறங்கியது. பிறகு விற்றது கோடிக்கணக்கில். காப்பி அடித்தவர்கள் மேல் ஹிக்மேன் வழக்குப் போட்டு ஜெயித்தார். 2011-இல் காலமானார்.

அந்த ஒர்க்மேட்டின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு படி. உயரத்தைக் குறைத்து அறுக்கும்போதும், நின்று இழைக்கும்போதும் ஒரு காலை அதில் வைத்துக்கொள்ளலாம். நான் வாங்கிய மலிவு காப்பியில் திருகு இருக்கிறது, முளை போடும் துளைகள் இருக்கின்றன, ஸ்கேல் கோடு கூட அச்சடித்திருக்கிறார்கள். படி மட்டும் இல்லை. காசு மிச்சம் பிடிக்க எதையாவது விட வேண்டுமென்றால் அதைத்தான் விடுவார்கள் போல. பார்த்தால் அலங்காரம் மாதிரி இருக்கிறது அல்லவா!

அலங்காரம் இல்லை. எங்கள் தெருவில் முன்பு இருந்த ஆசாரி ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். தரையில் உட்கார்ந்து, பலகையைக் குதிகாலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இழைப்பார், உளி வைத்துத் துளை போடுவார். ஜப்பானியத் தச்சர்களும் காலைத்தான் மூன்றாவது கையாக வைத்திருந்தார்கள். பிள்ளைப் பருவத்தில் இதைப் 'பெஞ்ச் வாங்க வசதியில்லாதவர் வேலை' என்றுதான் நினைத்திருக்கிறேன். உண்மையில் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. கை பலகையை முன்னால் தள்ளுகிறது. அதே அளவுக்கு உடம்பு பின்னால் போகப் பார்க்கும். அந்தப் பின்விசையைக் கால் அதே பலகைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தள்ளுவதும் இழுப்பதும் ஒரே உடம்புக்குள் முடிந்துபோகிறது, வெளியே ஒரு பெஞ்ச் எதையும் தாங்க வேண்டியதில்லை. ஹிக்மேனின் படி செய்வதும் இதையேதான், நின்றபடி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பெஞ்ச் 7 கிலோ, வைஸ் 5, அதைத் தாங்கும் பலகை 3, ஆக 15 கிலோ. அரம் போகிற திசையில் முன் காலுக்கும் பின் காலுக்கும் இடைவெளி 50 செ.மீ. எடை நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், எதிர்ப்பக்கக் காலிலிருந்து அது 25 செ.மீ. தூரம். அரம் ஓடுகிற உயரம் 1 மீட்டர். 15-ஐ 25-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 3.75. அதாவது வைஸில் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளினாலே நம் பக்கத்துக் கால்கள் தரையை விட்டு எழும்பும். முரட்டு அரத்தை அழுத்தி ஓட்டுகிறவர் கைக்கு அது ஒன்றுமே இல்லை.

இப்போது நம் பக்கத்தில் ஒரு படி. எதிர்ப்பக்கக் காலிலிருந்து 45 செ.மீ. தூரத்தில். அதில் ஒரு காலை வைத்து 20 கிலோ பாரம் கொடுத்தால் 20 பெருக்கல் 45, 900. பழைய 375-ஐயும் சேர்த்தால் 1275. வகுத்தால் 12.75 கிலோ. மூன்று மடங்குக்கு மேல்! பெஞ்சின் எடை ஒரு கிலோ கூடக் கூடவில்லை. இது கவிழ்வதற்கான கணக்கு மட்டும்தான். முன் பத்தியில் சொன்ன பின்விசை லாபத்தை இதில் சேர்க்கவே இல்லை.

இதைத் தெரிந்துகொண்ட உடனே புத்திசாலித்தனமாக ஒரு தப்பு செய்தேன். தூரம் கூடக் கூட நல்லதுதானே என்று படியை முன் கால்களுக்கு வெளியே 10 செ.மீ. நீட்டி வைத்தேன். உயரம் 20 செ.மீ. அப்பா அரத்தை எடுக்கும் முன்பே, வழக்கம்போல வசதியாகக் காலை ஊன்றி ஏறி நின்றார். பின்கால்கள் எழும்பி, பெஞ்ச் அவர் பக்கமாகவே சாய்ந்தது. நல்லவேளை வைஸ் அப்போது மாட்டவில்லை. தள்ளும்போது கவிழாமல் காக்கிற பாரம், தள்ளாதபோது இந்தப் பக்கம் கவிழ்த்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. படி முன் கால்களின் கோட்டுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். அதனால்தான் 50 இல்லாமல் 45.

இரண்டாவது படி பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு சதுரப் பைப்பும் பழைய ஜன்னல் தேக்குப் பலகையும் சேர்ந்தது. பைப்பை முன் கால்கள் இரண்டுக்கும் குறுக்கே யூ கிளாம்ப் போட்டு இறுக்கினேன். இந்த பெஞ்சுகளின் கால் மெல்லிசான தகட்டுக் குழாய், அதில் துளை போடாதீர்கள், முக்கியமாக மடங்குகிற அச்சுக்குப் பக்கத்தில். துளை போட்ட இடத்தில்தான் என்றைக்காவது ஒடியும். பலகையைக் கதவுக் கீல் வைத்துப் பைப்பில் மாட்டி, அடியில் இரண்டு ஆங்கிள் துண்டு தாங்கும்படி செய்தேன். மடிக்கும்போது பலகை மேலே மடங்கிக் காலோடு ஒட்டிக்கொள்ளும். அகலம் 10 செ.மீ., நீளம் ஒரு காலிலிருந்து மறு கால் வரை முழுசாக. முழு நீளம் எதற்கென்றால், வலக்கைக்காரர் அரம் பிடிக்கும்போது இடது கால் முன்னால் வரும். அப்பாவுக்குக் கெட்டது இடது முட்டி. ஒரே காலை வைத்தே இருக்க முடியாது, மாற்றி மாற்றி வைக்க இடம் வேண்டும்.

உயரத்தை 20-லிருந்து 12 செ.மீ.க்கு இறக்கியது அவர்தான். 20-இல் முட்டி மடங்கி வலித்தது, 12-இல் வலிக்கவில்லை. எனக்குத் தெரிந்த எந்தப் படத்திலும் இந்த அளவு இல்லை. உங்கள் வீட்டில் செய்தால் செங்கல், பலகை என்று அடுக்கிப் பார்த்து, நிற்கிறவர் "இது போதும்" என்று சொல்கிற இடத்தில் வையுங்கள். மாட்டிய பிறகு, உங்கள் முழு எடையோடும் படியின் நடுவில் ஏறி நின்று பாருங்கள். அப்பா வைப்பது 20 கிலோதான் என்றாலும், என்றைக்காவது யாராவது அலமாரி மேலே கை எட்டவில்லை என்று ஏறத்தான் போகிறார்கள்.

வைஸ் மாட்டுவது சுலபம். 2 செ.மீ. கனத்தில் பிளைவுட், அதன் அடியில் நடு நெடுக 5 செ.மீ. சதுரத்தில் ஒரு சட்டம். சட்டத்தை பெஞ்சின் இரண்டு பலகைக்கும் நடுவே விட்டு இறுக்கினால் மேலே தட்டையான மேஜை கிடைத்துவிடும். திருகைத் தளர்த்தினால் கழன்று வந்துவிடும். வைஸை இந்தப் பலகையின் ஓரத்தில், பெஞ்சுக் கால் இருக்கிற இடத்துக்கு நேர் மேலே வைத்தேன். நடுவில் வைத்தால் பலகை ஸ்பிரிங் மாதிரி அதிரும். சட்டம் மட்டும் போதாது, அரம் தள்ளும்போது பலகை நகரப் பார்க்கும். பெஞ்சில் ஏற்கெனவே முளைக்கான துளைகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு நேராக அடியில் இரண்டு கருவேல முளை வைத்துவிட்டேன்.

உயரம்தான் இழுத்தடித்தது. அரம் பிடிக்க வைஸின் வாய் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது ஐ.டி.ஐ. பையன்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம். அப்பா குள்ளம், முழங்கை சரியாக 1 மீட்டர். பெஞ்ச் 78, பலகை 2, வைஸ் 15. ஐந்து குறைகிறது. பெஞ்சின் காலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் நாலு கட்டையும் நாலு திசையில் வழுக்கும், படியும் சேர்ந்து உயரும். அதைவிட வைஸுக்கு அடியில் 5 செ.மீ. தேக்குக் கட்டை ஒன்று. முடிந்தது. மர வேலை செய்யும்போது வைஸ் பலகையைக் கழற்றிவிட்டால் பெஞ்ச் பழைய 78-க்கு வந்துவிடும், இழைக்க அந்தத் தாழ்வுதான் வசதி.

தரையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நம் ஊர் வாசல் தரை எதுவும் மட்டமில்லை, தண்ணீர் ஓடச் சாய்வாகத்தான் பூசுவார்கள். நாலு காலில் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும். மூன்று கால் எந்தத் தரையிலும் உட்காரும், ஆட்டமெல்லாம் நாலாவதால்தான். ஆகவே ஒரே ஒரு காலுக்கு மட்டும் லேத் பட்டறையில் 10 எம்.எம். மரை நட்டு ஒன்றைப் பற்றவைத்து, போல்ட் போட்டு, செக் நட்டால் இறுக்குகிற மாதிரி செய்தேன். நாலுக்கும் செய்ய வேண்டியதில்லை. பெஞ்ச் கொஞ்சம் சாய்ந்து நின்றால் அரத்துக்குக் கவலையில்லை, ஆடாமல் நின்றால் போதும். கால்களுக்கு அடியில் பழைய லாரி டியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் குல்லாய் மொசைக் தரையில் சறுக்குகிறது.

செய்துவிட்டுக் கழற்றிப்போட்டவையும் உண்டு. சக்கரம் மாட்டினேன், 7 கிலோ பெஞ்சுக்குச் சக்கரம் எதற்கென்று அம்மாவே சிரித்தார். அடியில் ஒரு இழுப்பறை வைத்தேன், அரங்கள் கைக்கு எட்டின, பெஞ்ச் மடங்கவில்லை. மடங்காத பிறகு அது வெறும் ஆடுகிற மேஜைதானே. இழுப்பறைக்குப் பதில் பழைய ஜீன்ஸ் பாக்கெட்டைக் கிழித்துப் பக்கவாட்டில் தொங்கவிட்டோம், அரங்கள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிப் பையில் இருக்கின்றன. மணல் மூட்டையும் வைத்துப் பார்த்தோம். நன்றாகத்தான் நின்றது. ஆனால் மணல் சிந்தி அரப் பற்களில் ஏறியது.

மூட்டைக்குப் பதிலாக இப்போது வைத்திருப்பது 20 லிட்டர் தண்ணீர் கேன். வெளியே போகும்போது காலிக் கேனைக் கொண்டுபோய், அங்கே நிரப்பிப் பெஞ்சின் நடுவில் கயிற்றில் தொங்கவிடலாம். கணக்குப்படி அது இன்னும் 5 கிலோ தள்ளுதலைத் தாங்கும். வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரை அந்த வீட்டுக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார் அப்பா. குடத்துக்கு வரிசையில் நின்ற ஊர்க்காரர், கீழே ஊற்ற மனசு வராது.

போன மாசம் சின்னாளபட்டியில் ஒரு வீட்டுக்குப் போனோம். பாட்டி காலத்து மரப்பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு முற்றிப்போய், உடைத்துவிடலாம் என்ற நிலைமை. உடைத்தால் பெட்டி போய்விடும் என்று மூத்த மருமகள் அப்பாவுக்குப் போன் பண்ணியிருந்தார். எக்ஸ்.எல். வண்டியின் முன்னால் மடக்கிய பெஞ்ச், என் முதுகில் வைஸ் பலகை, பின்னால் அப்பா மடியில் காலிக் கேன். அவர்கள் வீட்டு வாசலில் விரித்து, போல்ட்டைத் திருகிக் காலை உட்கார வைத்து, கேனைத் தொங்கவிட எனக்கு ஏழெட்டு நிமிஷம்.

அப்பா இடது காலைப் படியில் வைத்தார். பூட்டின் வாய்க்குள் புகை பிடித்த தகட்டை விட்டுத் தடம் பார்த்தார், ராவினார், மறுபடி தடம் பார்த்தார். முக்கால் மணி நேரத்தில் இரண்டு தடவை காலை மாற்றினார். ஒரு தடவை ஸ்டூல் கேட்டு உட்கார்ந்தார். ஆறாவது பல்லில் ஒரு முறை அதிகம் இறங்கிவிட்டது, புதுத் துண்டு எடுத்து முதலிலிருந்து. "பெஞ்ச் ஆடுச்சாப்பா?" என்று கேட்டேன். "இல்லடா. கண்ணு."

இரண்டாவது சாவியில் திறந்தது. அடுத்து பெஞ்சுக்கு ஒரு விளக்கு மாட்ட வேண்டும், வளைகிற கழுத்து வைத்து, பேட்டரியில் எரிகிற மாதிரி. மடக்கும்போது எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.